ஈமக்காட்டு வாயிலும் பாடை இறங்கும் இடமும்

இங்கிலாந்தின் பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றின் நுழைவில் கூரையுடைய வாயில் காணப்படும். அதன் பெயரின் முற்பகுதி பழைய ஆங்கிலத்தில் பிணத்தைக் குறித்த சொல். சுமந்து வந்தோர் பிணத்தை இறக்கிவைத்துக் குருவுக்காகக் காத்திருந்த இடம் அது. குரு நுழைவிலேயே பிணத்தை எதிர்கொள்ளும் முறையை 1662ஆம் ஆண்டுப் பொது ஜெப நூலும் காட்டுகிறது. எல்லை, காத்திருப்பு, சடங்குத் தொடக்கம் ஆகிய மூன்றும் அங்கு ஒரே கட்டடத்துள் அடங்கின. தமிழ் மரபில் இவை பிரிந்து நின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை புகார் நகர ஈமக்காட்டை மதில் சூழ்ந்ததாகக் காட்டுகிறது. மதிலுக்கு வாயில்கள் நான்கு. தேவர் புகும் கொடிவாயில் ஒன்று; நெல், கரும்பு, நீர்நிலை, சோலை ஆகியவற்றின் ஓவியம் கொண்டது மற்றொன்று. மூன்றாவது வெண்சுதை மட்டும் பூசிய, ஓவியமற்ற வாயில். நான்காவதில் பாசமும் சூலமும் ஏந்திய பூதத்தின் சுதையுருவம் நிற்கிறது. இவை அடையாளமும் அச்சமும் ஊட்டும் வாயில்களே. பாடை இறக்கும் இடமாக எதனையும் சாத்தனார் கூறவில்லை. காவலர் உண்டு உறங்கும் குடிலை மட்டும் அவர் மறக்கவில்லை. ஆங்கே கூரை காவலனுக்கு உரியது, பிணத்துக்கு அன்று. ஈமக்காட்டினுள் கல் தெற்றிகளும் சுட்டப்படுகின்றன. அவற்றின் பயன் சொல்லப்படாமையால் பாடையோடு இணைத்துக் காண்பது வலிந்து பொருள் கோடலாகும்.

பாடை இறங்கும் இடத்தை நாட்டார் வழக்கில்தான் தேட வேண்டும். தமிழ்நாட்டுச் சுடுகாடுகள் பலவற்றின் நுழைவில் அரிச்சந்திரன் கல் அல்லது சிறுகோயில் உண்டு. அங்குப் பாடையை இறக்கி, மயானம் காத்த மன்னனிடம் இசைவு பெற்று, திசைமாற்றித் தூக்குவர். காலணா, முழத்துண்டு, வாய்க்கரிசி எனக் கதை கூறும் உரிமைப்பேறு மயானப் பணியாளருக்குரிய காணிக்கையாகத் தொடர்கிறது. குருவின் இடத்தில் இங்கு எதிர்கொள்பவர் அவரே. கூரை இல்லாவிடினும் சடங்கு குறைவுபடுவதில்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில் இவ்வேறுபாடு நூலாராய்ச்சியோடு முடிவதன்று. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. ஊர்ச் சுடுகாடுகள் நகரச் சுடுகாடுகளாகிச் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் பெறும்போது, கல் வெளியே நின்றால் சாலை விரிவாக்கம் அதனை அகற்றக்கூடும். உள்ளே அடைபட்டால் நுழையுமுன் இசைவு பெறுதல் என்பது பொருளிழக்கும். எனவே கள ஆய்வாளர் கல்லின் வடிவத்தோடு வாயிலிலிருந்து அதன் தொலைவையும் பாடை திரும்பும் திசையையும் பதிதல் வேண்டும். அங்கு மயானப் பணியாளர் சொல்லும் வாய்மொழிப் பகுதி பெரிதும் நினைவிலேயே வாழ்வதால், அதனை முதலில் பதிதல் தகும்.