கழிவுநீர் திரும்பி வர பல கைகள் வேண்டும்!

(இரண்டாம் ஆண்டு, அமைப்பியல் பிரிவு மாணவன்)



'தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே' என்பது பழமொழி. ஆனால் ஒரு தடவை உபயோகித்த தண்ணீரை நாம் சாக்கடை என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகிறோம். அதைச் சுத்தம் செய்து மறுபடி பாதுகாப்பாக உபயோகிக்க அரசுத் துறைகள் எப்படிக் கைகோர்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எவ்வளவு தண்ணீர்?

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் குடிநீர்த் திட்டம் டிசைன் செய்கிறோம். அதில் சுமார் 80 சதவீதம், அதாவது 108 லிட்டர், கழிவுநீராகத் திரும்புகிறது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் இது தினமும் வந்துகொண்டே இருக்கும். சாத்தனூர் அணைத் தண்ணீரைக் குடிக்கும் நம் திருவண்ணாமலைக்கு, தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். அந்த நாட்களில் தண்ணீர்ச் செலவும் கூடும், கழிவுநீரும் கூடும்.

சென்னை காட்டிய வழி

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை மாதம் நமக்குப் பக்கத்து ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. முதல் ரயிலில் 50 வேகன், மொத்தம் 25 லட்சம் லிட்டர்.

அதே 2019-ல் சென்னைக் குடிநீர் வாரியம் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் இரண்டு மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்களைத் தொடங்கியது. ஒவ்வொன்றும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. இரண்டும் முழுத் திறனில் ஓடினால் 9 கோடி லிட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த மாதிரி 36 ரயில்! 135 லிட்டரால் வகுத்தால் ஆறரை லட்சம் பேருக்கு மேல் ஒரு நாள் தேவை. இந்தத் தண்ணீர் வீட்டுக்குப் போவதில்லை. கொடுங்கையூர் தண்ணீர் மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேடு தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் பகுதிகளுக்கும் போகிறது. தொழிற்சாலைக்கு இது கிடைத்தால், அந்த அளவு ஏரித் தண்ணீர் குடிப்பதற்கு மிஞ்சும்.

எப்படிச் சுத்தமாகிறது?

முதல் நிலையில் குப்பையும் மண்டியும் பிரிகின்றன. இரண்டாம் நிலையில் காற்று செலுத்தி, நுண்ணுயிர்கள் மூலம் அழுக்கைச் சிதைக்கிறோம். மூன்றாம் நிலையில் மணல் வடிகட்டி, பிறகு மிக நுண்ணிய சவ்வு வடிகட்டி, அதன் பிறகு அழுத்தம் கொடுத்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. கோயம்பேட்டில் கடைசியாக ஓசோனும் செலுத்துகிறார்கள். ஆர்.ஓ.வில் ஒதுங்கும் உப்புத் தண்ணீரைச் சரியாக அப்புறப்படுத்துவதும் நம் பொறுப்பே.

ஊர் கூடித் தேர்

இயந்திரம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. தீபத் திருவிழா ஏழாம் நாள் மகாரதம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மின்வாரியம் கரண்டை நிறுத்தணும், ரோடு சரியாக இருக்கணும், போலீஸ் வழிவிடணும், முட்டுக்கட்டை போடுபவர் கவனமாக இருக்கணும். யாராவது ஒருவர் வராவிட்டால் தேர் நடுத்தெருவில் நின்றுவிடும்.

இதுவும் அப்படித்தான். குடிநீர் வாரியம் சுத்தம் செய்தாலும், வாங்குவதற்குத் தொழிற்பேட்டை வேண்டும். நெடுஞ்சாலைத் துறை அனுமதித்தால்தான் குழாய் பதிக்க முடியும். மின்சாரம் வந்தால்தான் பம்ப் ஓடும். மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரத்தைக் கவனித்தால்தான் நம்பிக்கை வரும். சென்னைக்கு வெளியே உள்ள ஊர்களில் உள்ளாட்சியும், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் சேர்ந்து வர வேண்டும்.

"சாக்கடைத் தண்ணியையா?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அம்மா, "சாக்கடைத் தண்ணியையாடா திருப்பித் தரப்போறாங்க?" என்று முகம் சுளித்தார். "குளிச்ச தண்ணியை நீ வாழைக்கு விடறியேம்மா" என்றேன். "அது நம்ம வீட்டுத் தண்ணி. என்ன கலந்திருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

யோசித்தால், அம்மா கேட்டது சரியான கேள்வி. சுத்திகரிக்காத கழிவுநீரில் கீரை வளர்த்தால் குடற்புழு, டைபாய்டு, காலரா வரலாம். ஆகவே என்ன கலந்திருக்கிறது என்று தினமும் சோதித்து, அந்த ரிசல்ட்டை ஜனங்களுக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். குடிநீர்க் குழாயோடு இந்தக் குழாய் எங்கேயும் இணையக் கூடாது. நமீபியா நாட்டின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரிலேயே சேர்க்கிறது. சிங்கப்பூர் 2003-ல் நியூவாட்டர் என்று தொடங்கியது. இரண்டு இடத்திலும் ஜனங்களின் நம்பிக்கைக்கு ஆதாரம் இடைவிடாத சோதனைதான்.

நாம் என்ன செய்யலாம்?

நம்மைப் போன்ற ஊர்களுக்குப் பூங்கா, சாலையோர மரங்கள், கட்டட வேலை என்று தொடங்கலாம். கான்கிரீட்டுக்கு உபயோகிக்கும் முன் ஐ.எஸ். 456 விதிப்படி சோதிக்க வேண்டும், பி.ஹெச். 6-க்குக் குறையக் கூடாது, உப்பும் அளவோடு இருக்க வேண்டும். இந்தச் சோதனையை நம் லேபில் நாமே கற்றுக்கொள்ளலாம்.

நண்பர்களே! நாளை நம்மில் ஒருவர் குடிநீர் வாரியத்தில் இருப்பார், ஒருவர் நெடுஞ்சாலையில், ஒருவர் மின்வாரியத்தில், ஒருவர் சிப்காட் கம்பெனியில். இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாம், அன்று ஃபைலை அடுத்த ஆபீசுக்குத் தள்ளிவிடாமல் ஒருவருக்கொருவர் போன் செய்து பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும். மீதி பாதியை நாம் படித்த படிப்பு பார்த்துக்கொள்ளும்.