கடலில் தாய், வாவியில் நாற்று
கறுப்பு இறாலின் வாழ்க்கையிலிருந்து ஒரு பாடம்

தேற்றாத்தீவு ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் வாவியையும் கொண்ட ஊர். 1990 ஆம் ஆண்டிலும், பின்னர் 2007 ஆம் ஆண்டிலும், படுவான்கரையிலிருந்து வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு எழுவான்கரைக்கு வந்த விவசாயக் குடும்பங்கள் பல. வட்டையில் வேளாண்மை செய்த கைகள் வீச்சுவலையையும் அத்தாங்கையும் பிடிக்கப் பழகிக்கொண்டன. வயலுக்குப் போக முடியாத நாட்களில் வாவி பலருக்குச் சோறு போட்டது.

நெல்லைப் பற்றி எமக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. எப்போது விதைப்பது, எப்போது தண்ணீர் கட்டுவது, எது விதைநெல், எது சோற்றுக்கான நெல் என்பதெல்லாம் எமக்குத் தெரியும். வாவியில் இறங்குபவருக்கும் அதுபோன்ற அறிவு வேண்டும். ஆகவே இம்முறை வாவியில் கிடைப்பவற்றுள் நல்ல விலை போகும் கறுப்பு இறாலைப் பற்றிப் படிப்போம். உடலில் பட்டை பட்டையாகக் கோடுகள் இருப்பதால் இதைப் புலி இறால் என்றும் சொல்வர்.

1. தாய் இருக்கும் இடம்

நாம் வாவியில் பிடிக்கும் கறுப்பு இறால் பெரும்பாலும் முழு வளர்ச்சி அடையாதது. முழுதாக வளர்ந்த இறால் ஓர் அடிக்குக் கிட்ட நீளம் வரும். அது கடலில், நூறு மீற்றர் ஆழம் வரையுள்ள சேற்றுத் தரையிலும் மணல் தரையிலும் வாழ்கிறது. தாய் இறால் கடலிலேயே முட்டையிடும். ஒரு தடவையில் சுமார் 250,000 முதல் 800,000 வரை முட்டைகள் வெளிவரும். பொரித்து வரும் நுண்ணிய குஞ்சுகளுக்குக் கடலின் உப்பு நீர் வேண்டும். வாவியின் கலப்பு நீரில் அவை அந்த வயதில் பிழைக்கமாட்டா.

எல்லா இறாலும் இப்படி இரண்டு இடங்களில் வாழ்வதில்லை. கேரளத்தின் கொல்லம் பகுதியிலிருந்து 1999 ஆம் ஆண்டு முதல் இழுவைப் படகுகள் ஆழ்கடலுக்குச் சென்று ஒரு வகைச் சிவப்பு இறாலைப் பிடித்து வருகின்றன. வெளிநாட்டுச் சந்தையில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் அது வாழ்வது இருநூறு மீற்றருக்குக் கீழே, வெளிச்சம் எட்டாத குளிர்ந்த நீரில். பெரிய படகும் எரிபொருளும் உள்ளவருக்கு மட்டுமே அது கிடைக்கும். கறுப்பு இறாலும் வெள்ளை இறாலும் அப்படியல்ல. தம் இளமைக்காலத்தில் அவை ஏழையின் தோணிக்கு எட்டும் தூரத்துக்கு வருகின்றன.

2. குஞ்சு வரும் வழி

முட்டை பொரித்து இரண்டு மூன்று கிழமைகளுக்குள் குஞ்சு பல தடவை உருமாறி, ஒரு சென்ரிமீற்றர் அளவான சிறு இறாலாகிறது. நீரோட்டமும் வற்றுப்பெருக்கும் அதைக் கரையை நோக்கிக் கொண்டுவருகின்றன. எமது வாவி ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. ஆயினும் அது கடலோடு சேரும் வாசல்கள் இரண்டுதான்: வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் மணல் அணைத்து இவை அடைபடுவதும், மாரியில் ஆற்றுவாய் வெட்டப்படுவதும் நாம் அறிந்ததே.

உள்ளே வந்த குஞ்சு கண்டல், கண்ணா மரங்களின் வேர்களுக்கிடையிலும் நீர்ப்பாசிகளுக்கிடையிலும் ஒளிந்து கொள்ளும். அங்கே அதற்கு உணவும் உண்டு, பெரிய மீனிடமிருந்து பாதுகாப்பும் உண்டு. சில மாதங்கள் வளர்ந்த பின் மீண்டும் கடலுக்குப் போய், அங்கே முதிர்ந்து, முட்டையிடும்.

இதை எமது ஊர்த் தோட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மிளகாய் விதையை மேடையில் போட்டு, நாற்று வளர்ந்ததும் பிடுங்கித் தோட்டத்தில் நடுகிறோம். வாவிதான் இறாலின் நாற்றுமேடை. மேடையிலேயே நாற்றைக் கிள்ளிக் கறி வைப்பவருக்கு மிளகாய் கிடைக்காது.

"இலட்சக்கணக்கில் முட்டையிடும் இறால் குறைந்துவிடுமா?" என்று சிலர் கேட்பர். அந்த முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை கடலிலேயே மீனுக்கு இரையாகிவிடுகின்றன. வாவி வாசலைத் தாண்டி வந்த குஞ்சு, ஆயிரம் ஆபத்துகளுக்குத் தப்பிய குஞ்சு. அதனால்தான் அதற்கு இவ்வளவு பெறுமதி.

3. ஒரு சிறு கணக்கு

ஐந்து கிராம் எடையுள்ள இறால்களை ஒருவர் பிடிக்கிறார் என்று வைப்போம். ஒரு கிலோவுக்கு 200 இறால் வேண்டும். அந்த 200 இறாலையும் வளர விட்டால், அவற்றில் பாதியை மீனும் கொக்கும் தின்றாலும் 100 மிஞ்சும். ஒவ்வொன்றும் முப்பது கிராம் ஆகும்போது பிடித்தால் மூன்று கிலோ. பெரிய இறாலுக்குக் கிலோ விலையும் கூடுதல். குஞ்சாகப் பிடிக்கும்போது இந்த மூன்று கிலோவையும் அதன் கூடுதல் விலையையும் நாம் இழக்கிறோம்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. சிறிதாக இருப்பதெல்லாம் கூனி என்று நினைக்கிறோம். கூனி வேறு, இறால் குஞ்சு வேறு. கூனி முதிர்ந்தாலும் சிறியதாகவே இருக்கும். கறுப்பு இறாலின் குஞ்சு, விட்டால் பல நூறு மடங்கு எடை கூடும்.

4. பண்ணை வந்தால் போதுமா?

"வாவி வற்றினால் என்ன, பண்ணையில் வளர்க்கலாம்" என்பது இன்னொரு பேச்சு. 1980களில் கொக்கட்டிச்சோலைக்கு அருகே மகிழடித்தீவில் இறால் பண்ணை இருந்தது. 1987 ஜனவரி 28 ஆம் திகதி அப்பகுதியில் நடந்த படுகொலையில் பண்ணைத் தொழிலாளரும் கொல்லப்பட்டதை எமது மக்கள் மறக்கவில்லை. யுத்தம் காரணமாகக் கிழக்கில் இத்தொழில் நிலைக்கவில்லை. புத்தளம், சிலாபம் பகுதிகளில் பெருகியது. அங்கே 1996 ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் பரவிப் பெரும் நட்டத்தை உண்டாக்கியது.

பண்ணைக்கு வேண்டிய கறுப்பு இறால் குஞ்சுகளைப் பொரிப்பகங்கள் தருகின்றன. அந்தப் பொரிப்பகங்களுக்கு வேண்டிய தாய் இறாலைக் கடலிலிருந்தே பிடித்து வருவது வழக்கம். கடலில் தாய் இருக்க வேண்டுமானால் வாவியில் குஞ்சு தப்ப வேண்டும்.

5. நாம் செய்யக்கூடியவை

பசித்த பிள்ளைகள் வீட்டில் இருக்க, வலைக்கண் அளவைப் பற்றிப் பேசுவது எளிதல்ல. ஒரு குடும்பம் மட்டும் விட்டுக்கொடுத்தால், அதை அடுத்த வலை அள்ளிவிடும். எனவே கிராமமாகச் சேர்ந்து செய்ய வேண்டியவை இவை:

(அ) சிறுகண் வலையையும் தங்கூசி வலையையும் தவிர்த்தல். எந்த வலைக்கு அனுமதி உண்டு என்பதைக் கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டு, சங்கத்தில் எல்லோருக்கும் அறிவித்தல்.

(ஆ) முகத்துவாரத்தையும் ஓடைகளையும் குறுக்கே வலை கட்டி அடைக்காதிருத்தல். வருவதும் போவதும் அந்த வழியாலேயே.

(இ) கண்டல் மரங்களை விறகுக்கும் வேலிக்கும் வெட்டாதிருத்தல். யுத்த காலத்தில் பாதுகாப்பைக் காரணம் காட்டி வெட்டப்பட்ட இடங்களில் கண்டல் நாற்றுகளை நடுதல்.

(ஈ) பூச்சிமருந்தில் கவனம். இறாலும் பூச்சியும் கணுக்காலிகள் என்ற ஒரே பெரும் இனத்தைச் சேர்ந்தவை. பூச்சியைக் கொல்லும் மருந்து மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் கொல்லும். மருந்து அடித்த வயல் நீரை உடனே வாவிக்கு வடியவிடுவதும், மருந்துப் போத்தலையும் தெளிகருவியையும் வாவியில் கழுவுவதும் கூடாது.

(உ) ஆற்றுவாய் வெட்டும் நாளைக் கமக்காரரும் மீனவரும் ஒன்றாக இருந்து தீர்மானித்தல். வெள்ளத்தில் மூழ்கிய வயலுக்கு அது உயிர். ஆனால் தேவைக்கு முந்தி வெட்டினால் வாவி நீர் வற்றி, உப்பு நீர் மேலேறி, வயலுக்கும் கேடு. எமது மக்களில் பலருக்கு அக்கரையில் வயலும் இக்கரையில் வலையும் இருப்பதால் இரு பக்க நியாயமும் அவர்களுக்கே நன்றாக விளங்கும்.

கலந்துரையாடலுக்கான வினாக்கள்

1. பத்து வருடங்களுக்கு முன் பிடித்த இறாலின் பருமனையும் இன்று பிடிக்கும் இறாலின் பருமனையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். இறாலைத் தரம் பிரித்து விற்கும் பெண்களிடமும் கேளுங்கள்.

2. எமது கரையில் இறால் குஞ்சு ஒளிந்து வளரும் இடங்கள் எவை? அவற்றில் எத்தனை இன்னும் உள்ளன?

3. குஞ்சு பெருகும் காலத்தில் சில கிழமைகள் வலை போடாமலிருக்க எமது சங்கம் தீர்மானித்தால், அந்த நாட்களில் எந்தக் குடும்பங்களின் அடுப்பு எரியாது? அவர்களுக்குச் சங்கச் சேமிப்பிலிருந்து எவ்வாறு உதவலாம்?

மூன்றாவது வினாவுக்கு முதலில் விடை காணுங்கள். அது தீராமல் மற்றத் தீர்மானங்கள் தாளிலேயே நின்றுவிடும்.