சான்றாய்வில் செயற்கை நுண்ணறிவு: பொறுப்பு யாருடையது?

நலத்திட்டம் ஒன்றைத் தீட்டுமுன், அது பயன் தருமா என்பதை அறிய, ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் திரட்டித் தரம் பிரித்து ஒப்பிடுதல் வேண்டும். சான்றாய்வு எனப்படும் இப்பணிக்கு மாதங்கள் பல தேவைப்படும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், உரைகளைப் படித்துச் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்பணியிலும் புகுந்துள்ளன. இவற்றால் உழைப்பு மிச்சப்படக் கூடும். எனினும், எப்பணியை இவற்றிடம் ஒப்படைக்கலாம், எதனை ஒப்படைக்கலாகாது என வரையறுத்துக்கொள்வது இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டு

குழந்தைகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வைட்டமின் 'ஏ' வழங்கினால் இறப்பு 20 முதல் 30 சதவீதம் வரை குறையும் என்பது முந்தைய ஆய்வுகளிலிருந்து எழுந்த எதிர்பார்ப்பு. ஆனால், உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் குழந்தைகளிடையே நடத்தப்பெற்று, 2013-இல் 'லான்செட்' இதழில் வெளியான 'டெவ்டா' ஆய்வில் இறப்பு 4 சதவீதமே குறைந்திருந்தது. இது தற்செயலாகவும் நேரக்கூடிய வேறுபாடு. முந்தைய எட்டு ஆய்வுகளுடன் இதனையும் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரிக் குறைவு 11 சதவீதம் ஆயிற்று. மருந்து உரியவாறு குழந்தைகளைச் சென்றடைந்ததா என்று வல்லுநர் சிலர் ஐயம் எழுப்பினர்.

ஆகவே, எந்த ஆய்வைச் சேர்ப்பது, அதற்கு எத்துணை மதிப்பளிப்பது என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. மொழிக் கருவியோ, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து விடையைத் தொடுக்கிறது. பலமுறை எழுதப்பட்ட கருத்து அதில் மேலோங்கி, மாறுபட்ட பேராய்வு ஒன்று மறைந்துபோகக் கூடும். இல்லாத கட்டுரையை ஆசிரியர் பெயருடனும் ஆண்டுடனும் காட்டிவிடுவதும் உண்டு.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஆய்வு வினாவையும், ஆய்வுகளைச் சேர்ப்பதற்கும் விலக்குவதற்குமான விதிகளையும் கருவியை நாடுமுன் மனிதரே வகுத்தல் வேண்டும்.

2. கட்டுரைகளை நூற்பட்டியல் தரவுத்தளங்களில் தேடி எடுத்தல் வேண்டும். கருவியின் நினைவை நம்பலாகாது.

3. கருவி விலக்கிய கட்டுரைகளில் ஒரு பகுதியை இருவர் தனித்தனியே படித்து, தவறியவை எத்தனை எனக் கணக்கிட வேண்டும்.

4. கருவி எடுத்துத் தரும் ஒவ்வோர் எண்ணையும் மூலக் கட்டுரையுடன் ஒப்பிட வேண்டும்.

5. கருவியின் பெயர், பதிப்பு, பயன்படுத்திய நாள், இட்ட கட்டளை ஆகியவற்றை அறிக்கையில் பதிவு செய்தல் வேண்டும்.

அலுவலர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. அரசு ஆவணங்களின் இரகசியத்தைக் கருதி, அலுவலகக் கணினிகளில் இத்தகைய கருவிகளைத் தவிர்க்குமாறு மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் தன் பணியாளர்களுக்கு அறிவுறுத்தியது. வெளியிடப்படாத தரவுகளைப் பொதுக் கருவிகளில் இடலாகாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

காக்ரேன், கேம்ப்பெல் உள்ளிட்ட சான்றாய்வு அமைப்புகள் 2025-இல் கூட்டாக வெளியிட்ட நிலைப்பாடும், இறுதிப் பொறுப்பு ஆய்வாளருடையதே என வலியுறுத்துகிறது. வைட்டமின் திட்டத்திற்கு நிதி ஒதுக்குவோர் 24 என்ற எண்ணை நம்புவதா, 11 என்ற எண்ணை நம்புவதா என்று வினவும்போது, விடையளிக்க வேண்டியவர் அறிக்கையில் கையொப்பமிட்டவரே. தாம் படித்தறியாத ஒன்றிற்கு எவரும் கையொப்பமிடலாகாது.