உதட்டுப் புற்றும் நிணநீர்க் கணுக்களும்

உதட்டுப் புற்றுநோய் பெரும்பாலும் கீழுதட்டையே பற்றுகிறது. நெடுங்காலம் வெயிலில் உழைத்தலும் புகையிலைப் பழக்கமும் அதற்கு முக்கிய காரணங்களாம். கண்ணுக்குப் புலப்படும் இடத்தில் தோன்றுவதால், இதனைத் தொடக்கத்திலேயே அறிந்து குணப்படுத்த இயலும். ஆயினும், நிணநீர்க் கணுக்களை அது அடைந்துவிடின், நோயாளி பிழைக்கும் வாய்ப்புப் பெரிதும் குறைகிறது.

இவ்வாறு பரவும் அபாயம் எல்லோர்க்கும் ஒரே அளவினதன்று. கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதாயின் அபாயம் மிகும். அகலத்தைப் போன்றே ஆழமும் கருதத்தக்கது. மேலே சிறிதாகத் தோன்றும் புண், உள்ளே ஆழமாக ஊடுருவியிருத்தல் கூடும். இரு உதடுகளும் கூடும் கடைவாயில் தோன்றிய புற்று, நரம்பைச் சூழ்ந்து படரும் புற்று, சிகிச்சைக்குப் பின் மீண்டும் முளைத்த புற்று ஆகியனவும் கணுக்களுக்குப் பரவும் இயல்பு மிக்கவை. உயிரணுக்கள் தம் இயல்பான உருவை எவ்வளவு இழந்துள்ளனவோ, அவ்வளவுக்கு அபாயமும் கூடும்.

கீழுதட்டின் நிணநீர், மோவாய்க்கும் தாடைக்கும் கீழுள்ள கணுக்களைச் சென்றடைகிறது. நடுவுதட்டுப் புற்று இருபுறமும் பரவலாம். ஆகவே, களப்பணியாளர் இருபுறத்தையும் விரல்களால் மெல்லத் தடவிப் பார்த்தல் வேண்டும். வலியின்றிக் கடினமாயுள்ள கணு ஐயத்திற்குரியது. எனினும், கணு கைக்குத் தட்டுப்படாமையால் மட்டும் நோய் பரவவில்லை எனத் துணிதல் ஆகாது.

இரண்டு வாரங்களுக்கு மேலும் ஆறாத உதட்டுப் புண் உடையவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். ஆசிரியர்கள் இதனை ஊராருக்கும் எடுத்துரைக்கலாம். களிம்பு தடவிக் காத்திருக்கும் காலத்திலேயே புற்று ஆழம் பெறுகிறது.