பத்திரம் பேசட்டும்

கேள்வி: காலமான அப்பாவின் பெயரில் உள்ள மதுரை வீட்டை விற்க முயல்கிறோம். வருகிறவர்களுக்கு வீடு பிடிக்கிறது. பத்திரங்களைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வெள்ளையடிப்பதற்கு முன்பே ஆவணங்களைச் சரிசெய்யுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-இன்படி, அப்பா தானே சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் காலமானால் அம்மா, மகன்கள், மகள்கள், அப்பாவின் தாயார் இருந்தால் அவர் என எல்லோருக்கும் சம பங்கு உண்டு. திருமணமாகிப் போன சகோதரியின் கையெழுத்தும் அவசியம். அவர் பங்கை மனமுவந்து கொடுங்கள், அதுதான் நியாயம்.

வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், வீட்டு வரி ரசீது ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வாங்குபவருக்கு வங்கிக் கடன் எளிதாகும், விலையும் குறையாது.