கிணற்று நீர்மட்டமும் பள்ளி மாணாக்கரும்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறைப் பிரதேசமாகும். அங்கு வெட்டப்பட்ட கிணறுகளுக்குப் பாறை வெடிப்புகளிலும், அதன்மேலுள்ள உதிர்பாறை அடுக்கிலும் தங்கும் ஜலமே ஆதாரம். ஆதலால் மழைக்காலத்தில் விரைந்து ஏறும் நீர்மட்டம், இறைப்புத் தொடங்கியதும் விரைந்தே இறங்கிவிடுகிறது. கார்த்திகையில் நிறைந்து தோன்றிய கிணற்றை நம்பி நெல் நட்டு, மாசியில் கதிர் வெளிவரும் தருணத்தில் பயிரைக் கைவிட நேர்வது இதனாலேயே. 2016-ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவில் 62 சதவிகிதம் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குட்பட்டவையென அறிவிக்கப்பட்டதை விவசாயிகள் மறந்திரார்.

கமலை கட்டி இறைத்த காலத்தில், வடம் எவ்வளவு தாழ்கிறதென்பதை இறைப்பவன் நாள்தோறும் கண்ணாற் கண்டான். மோட்டார் வந்தபின் கிணற்றை எட்டிப் பார்ப்பவரும் அரிதாயினர். இக்குறையை உயர்நிலைப்பள்ளி மாணாக்கரைக் கொண்டு செலவின்றி நிவர்த்திக்கலாம்.

செய்முறை எளிது. கிராமத்தில் மேட்டிலும் பள்ளத்திலுமாக நாலைந்து கிணறுகளைத் தெரிந்தெடுத்து, கைப்பிடிச்சுவரில் சாயத்தால் ஒரு குறியிடுக. கால் மீட்டருக்கொரு முடிச்சிட்ட கயிற்றில் கனமான குண்டைக் கட்டி, வாரத்தில் ஒரே கிழமையில், காலையில் மோட்டார் போடுமுன், குறியிலிருந்து நீர்ப்பரப்பு வரையுள்ள ஆழத்தை அளந்து நோட்டுப்புத்தகத்தில் பதிதல் வேண்டும். முதல்நாள் மாலை இறைப்பு நின்றதும் அளந்துவைத்தால், இரவில் ஊறிய அளவும் தெரியவரும். கைப்பிடிச்சுவரில்லாத கிணற்றருகே பிள்ளைகளை விடலாகாது. மற்றவற்றிலும் நிலக்காரரோ உபாத்தியாயரோ உடனிருப்பது அவசியம். மழையை அளக்க, பக்கங்கள் நேராயுள்ள பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்தாற் போதும். அடி குறுகிய வாளி உதவாது.

இவ்வளவுகள் கணக்குப் பாடத்திற்கும் நல்ல பொருளாகும். பத்து மீட்டர் சதுரமுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் உயர ஜலம் ஒரு லட்சம் லிட்டர். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. தண்ணீர் கட்ட ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். ஆகவே ஆறு மீட்டர் ஜலம் நிற்கும் கிணறு, ஊற்றைத் தவிர்த்தால், ஓர் ஏக்கருக்கு மூன்று தண்ணீருக்கே போதும். மார்கழியில் இரவொன்றுக்கு அரை மீட்டர் ஊறிய கிணறு தையில் கால் மீட்டராக ஒடுங்கினால், அக்கிணற்றை நம்பி மேற்கொண்டு நடவு செய்தல் தகாது.

நெல்லுக்கு அதன் காலம் முழுவதிலும் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் தேவை, நிலக்கடலைக்கு 500-ஐச் சற்று மேற்பட்டும், உளுந்துக்கு 300-ஐ ஒட்டியும் போதும். ஓர் ஏக்கர் நெல்லுக்காகும் ஜலத்தில் இரண்டு ஏக்கர் கடலையோ நான்கு ஏக்கர் உளுந்தோ பயிராகும். எதை விதைப்பதென்று தீர்மானிக்கும் நாளில் மாணாக்கரின் நோட்டு நிலக்காரரின் கைக்கு வந்துசேர வேண்டும். அறுவடைக்குப்பின் வந்தால் பள்ளிக்கூட அலமாரிக்கே உரியது. கிராம நிர்வாக அலுவலர் அதை அடங்கலோடு ஒப்பிட்டுப் பார்ப்பின், எந்தக் கிணற்றுப் பாசனத்தில் எந்தப் பயிர் இடருற்றிருக்கிறதென்பது முன்கூட்டியே விளங்கும்.

புரட்டாசியில் தொடங்கி ஆனி வரை அளவு விடுபடலாகாது. கோடை விடுமுறையில் பள்ளி மூடியிருக்கும் வாரங்களே மட்டம் மிகத் தாழும் காலமாதலால், அப்போது அளக்கும் பொறுப்பை அந்தந்தக் கிணற்றை அடுத்த வீட்டு மாணாக்கரிடம் பங்குனியிலேயே ஒப்படைத்துவிடுதல் நலம்.