இல்லாத பல்லைக் குடைந்து பழகும் டாக்டர்கள்

உங்க போனில் ஒரு எழுத்தைத் தட்டும்போது விரலுக்கடியில் சின்னதா ஒரு அதிர்வு வருதே, கவனிச்சிருக்கீங்களா? அங்கே பொத்தான் எதுவும் இல்லை, வெறும் கண்ணாடிதான். ஆனாலும் எதையோ அழுத்தியதாக விரல் நம்பிவிடுகிறது. இதற்குப் பெயர் ஹாப்டிக்ஸ், அதாவது தொடு உணர்வுத் தொழில்நுட்பம். பல் மருத்துவ மாணவர்கள் பல்லைக் குடையப் பழகுவதற்கும் இப்போது இது வந்துவிட்டது.

சாமளாபுரத்தில் தறி ஓட்டுபவரைக் கேளுங்க. இழையின் இழுவை சரியில்லை என்பதைக் கண் பார்ப்பதற்குள் கை சொல்லிவிடும். பல் டாக்டரின் கையும் அப்படித்தான் பழக வேண்டும். பல்லின் மேல்பகுதியான எனாமல், நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்குக் கீழே உள்ள டென்டின் அதைவிட மென்மை, சொத்தை விழுந்த இடம் இன்னும் மென்மை. டிரில் எனாமலைத் தாண்டியதும் எதிர்ப்பு சட்டென்று குறையும். அப்போது கை அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், நரம்பு இருக்கும் பகுதிவரை போய்விடும். துணி பிசகினால் வேறு துணி வெட்டிக்கலாம். எனாமல் மறுபடி வளராதுங்க.

இதற்காக 1894-லேயே ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் என்பவர் பொம்மைத் தலையை அறிமுகப்படுத்தினார். அதில் பொருத்தும் பிளாஸ்டிக் பல்லை ஒருமுறை குடைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். ஆம்ஸ்டர்டாம் பல் மருத்துவக் கல்லூரியும் மூக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய சிமோடான்ட் கருவியில் அந்தச் செலவில்லை. முப்பரிமாணக் கண்ணாடி வழியே பல் தெரியும். கையிலுள்ள பிடியை மோட்டார்கள் எதிர்த்துத் தள்ளும். எனாமலில் கெட்டியாக, சொத்தையில் தளர்வாக. தப்பு பண்ணினால் அதே பல்லை மறுபடி வரவைக்கலாம்.

இதில் சுவாரசியம் என்னன்னா, கண்ணை ஏமாற்ற நொடிக்கு 60 படம் போதும். கையை ஏமாற்ற நொடிக்குச் சுமார் 1,000 முறை விசையைக் கணக்கிட வேண்டும்! சென்னை ஐஐடி-யின் டச் லேபிலும் ஹாப்டிக்ஸ் ஆராய்ச்சி நடக்கிறது.

ஆனால் கருவிக்குப் பயமோ, எச்சிலோ, திடீரென அசையும் நாக்கோ கிடையாது. அதை மாணவர் நோயாளியிடம்தான் கற்றாக வேண்டும். அதனால் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் தயங்காமல் கேளுங்க: "எனக்குச் சிகிச்சை பண்றது மாணவரா? எந்த வருஷம்? பக்கத்தில் எந்தப் பேராசிரியர் இருப்பார்?" இது உங்க உரிமை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்க.